ஆளே இல்லாத டாம் காலின்ஸ்

1874-இல் அமெரிக்கர்களுக்குப் பொழுது போகவில்லை. முந்தின வருஷம்தான் வங்கிகள் வரிசையாகத் திவாலாகி, நிறையப் பேருக்கு வேலையும் போயிருந்தது. கையில் காசில்லாதவனுக்கு இருக்கிற ஒரே கேளிக்கை, அடுத்தவன் தலையை உருட்டுவது.

நியூயார்க்கில், பென்சில்வேனியாவில் நண்பன் ஒருவன் மூச்சிரைக்க வருவான். “டாம் காலின்ஸைப் பார்த்தியா?”

“யாருப்பா அது?”

“தெரியாதா? மூலைக்கடை பாரில் உட்கார்ந்து உன்னைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசிக்கிட்டிருக்கான். உன் மானம் கப்பலேறுது, நீ இங்கே நிக்கறே!”

அவ்வளவுதான். மனுஷன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடுவார். பாரில் இருப்பவர்களும் உடந்தை. “இப்பத்தானே எழுந்து போனான்” என்று அடுத்த தெருவுக்குக் கைகாட்டுவார்கள். பத்திரிகைகள் மட்டும் சும்மா இருக்குமா? டாம் காலின்ஸ் இங்கே தென்பட்டார், அங்கே தென்பட்டார் என்று கூசாமல் செய்தி போட்டன. நாரதர் கலகமாவது நன்மையில் முடியும். இது சாராயத்தில் முடிந்தது.

1876-இல் ஜெர்ரி தாமஸ், அமெரிக்க பார்டெண்டர்களின் பீஷ்மர், தன் புத்தகத்தின் புதுப் பதிப்பில் ‘டாம் காலின்ஸ்’ செய்முறையை அச்சேற்றினார். அதுவும் ஒன்றல்ல, மூன்று: ஜின்னில், விஸ்கியில், பிராந்தியில். பிறக்கவே பிறக்காதவருக்கு மூன்று அவதாரம்.

லண்டன்காரர்களுக்கு வயிறு எரிந்தது. அவர்களிடம் நிஜமாகவே ஒரு காலின்ஸ் இருந்தார். பெயர் ஜான்; கண்டூயிட் தெரு லிம்மர்ஸ் ஹோட்டலின் தலைமை சர்வர். குதிரைப் பந்தயக்காரர்கள் ராத்திரியில் கூடி அளக்கும் இடம் அது. கேப்டன் கிரோனோ தன் நினைவுக் குறிப்புகளில், லண்டனிலேயே அழுக்கான ஹோட்டல் இதுதான் என்று எழுதிவிட்டு, அந்தக் கையோடு அங்கே கிடைக்கும் ‘ஜின் பஞ்ச்’ பானத்தையும் புகழ்ந்திருக்கிறார். குடிமகனின் நேர்மை என்பது இதுதான்.

ஜான் பெயரில் ஓடிய பானத்தில், ஜான் எப்படி டாம் ஆனார்? இனிப்புத் தூக்கலான ‘ஓல்ட் டாம்’ ஜின்னை ஊற்றியதால் என்று ஒரு கட்சி சொல்கிறது. அந்த டாம் ஒரு கடுவன் பூனை என்றும் கதை உண்டு. 1736-இல் ஜின் விற்க 50 பவுண்டு லைசென்ஸ் என்று சட்டம் வந்தது. டட்லி பிராட்ஸ்ட்ரீட் என்ற கில்லாடி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஜன்னலில் பூனை பொம்மையை மாட்டி, அதன் பாதத்துக்கு அடியில் ஒரு குழாயைச் செருகினார். பூனையின் வாயில் காசைப் போட்டால் குழாயில் ஜின் ஒழுகும். வாசலில் நின்று குழாயில் வாயை வைத்தே குடித்தார்கள். விற்பவன் பெயர் தெரிந்தால்தானே துப்பு கொடுக்க முடியும்? பூனைமேல் என்ன வழக்குப் போடுவது?

இத்தனை பித்தலாட்டத்துக்குப் பிறகு கிளாஸில் இறங்குவதைப் பார்த்தால், நம்மூர் லெமன் சோடாவில் ஜின் கலந்ததுதான். உயரமான கிளாஸ் நிறைய ஐஸ். 45 மில்லி ஜின், 30 மில்லி எலுமிச்சைச் சாறு, 15 மில்லி சர்க்கரைப் பாகு. நம்மூர்ச் சின்னப் பழமென்றால் இரண்டு தேவைப்படலாம். கொட்டை விழாமல் வடிகட்டுங்கள். கடைசிச் சொட்டுவரை பிழிந்தால் தோலின் கசப்பும் சேர்ந்து இறங்கும். சர்க்கரையை நேராகக் கொட்டினால் குளிரில் கரையாமல் அடியில் மணலாகத் தங்கிவிடும். பாகு கேட்பது அதனால்தான். கடைசியில் 60 மில்லி சோடா. சில்லென்று இருக்க வேண்டும், அப்போதுதான் கேஸ் நிற்கும். கிளாஸைச் சாய்த்து ஓரமாக ஊற்றி, ஸ்பூனால் ஒரே ஒரு முறை கிளறுங்கள். ரசத்துக்குப் புளி கரைக்கிற வேகம் கூடாது.

அந்த சோடாவுக்குப் பின்னால் ஒரு பாதிரியார் நிற்கிறார். லீட்ஸ் நகரில் பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, 1767 வாக்கில் நொதிக்கும் தொட்டிக்கு மேலே தண்ணீரைப் பிடித்து அதில் வாயுவை ஏற்றிப் பார்த்தார். பக்கத்தில் பீர் பொங்கிக்கொண்டிருக்க, தண்ணீரைக் கவனித்த ஒரே மனிதர். அவருக்கு ராயல் சொசைட்டி பதக்கம் கிடைத்தது. சோடாவை விற்றுக் காசு பார்த்தது ஜெனிவாவில் இருந்த ஷ்வெப்.

ஜான் காலின்ஸுக்குப் பதக்கமும் இல்லை, காசும் இல்லை. இன்றைக்கு அமெரிக்க பார்களில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் போர்பன் விஸ்கியைத்தான் ஊற்றுகிறார்கள். ஜின்னையும் டாம் கொண்டுபோய்விட்டான்.