அருவாமனையும் அம்மாச்சியும்: கம்பம் பள்ளத்தாக்கின் எல்லைக் கல்வி குறித்து ஓர் ஆய்வு

பொருளிடமிருந்து பிள்ளையைக் காப்பதா, பிள்ளையிடமிருந்து பொருளைக் காப்பதா என்ற கேள்வியில் உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. முதல் கட்சி மூடல்வாதிகள். மேசை முனைக்கு ரப்பர், பிளக் பாயிண்டுக்கு மூடி, அலமாரிக்குக் கொக்கி, மாடிப்படிக்குக் குட்டிக் கதவு என்று ஆன்லைனில் வாங்கி மாட்டுகிறவர்கள். இரண்டாவது கட்சி அதட்டல்வாதிகள். இவர்கள் எதையும் வாங்குவதில்லை, வாய்தான் மூலதனம். தேனியிலிருந்து கூடலூர் வரை இக்கட்சிக்கு இன்னும் செல்வாக்கு இருக்கிறது. தலைமைப் பொறுப்பு பெரும்பாலும் அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோதான். இவ்வளவு பெரிய கல்விமுறைக்கு இதுவரை ஒரு முனைவர் பட்டமாவது கொடுத்திருக்கலாம்.

முதன்மைச் சான்று அடுப்படியில் கிடைக்கிறது. சின்னமனூர்ப் பக்கத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அருவாமனையைக் காலால் அழுத்திக்கொண்டு அம்மாச்சி முருங்கைக்காய் நறுக்குகிறார். பளபளப்பைப் பார்த்துவிட்டுப் பத்து மாதப் பிள்ளை தவழ்ந்து வருகிறது. அம்மாச்சி அருவாமனையை ஒளிப்பதில்லை. நறுக்குவதை நிறுத்துகிறார். புருவம் ஏறுகிறது. “ஆயி! தொடாத சாமி, அறுத்துப்புடும்.” நீட்டிய கையை மடக்காமலே பிள்ளை அவர் முகத்தைப் பார்க்கிறது. முகம் இளகவில்லை. கை மெல்ல இறங்குகிறது. இறங்கிய கைக்கு ஒரு முழு முருங்கைக்காய் பரிசாக வந்து சேர்கிறது. வேலை முடிந்ததும் அருவாமனையைப் படுக்கவைத்து, அலகைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைக்கிறார் அம்மாச்சி. அதட்டல்வாதிகளும் கொஞ்சம் மூடத்தான் செய்கிறார்கள் என்பதை ஆய்வுலகம் குறித்துக்கொள்ள வேண்டும்.

சூட்டுக்குத் தனிச் செய்முறை உண்டு. காபி ஆறி வெதுவெதுப்பாக இருக்கும் எவர்சில்வர் டம்ளரில் பிள்ளையின் விரலை ஒரு கணம் வைத்து, “ஊஃப்… சுட்டுரும்” என்று வாயைக் குவித்து ஊதிக் காட்டுவார்கள். அதன்பின் பிள்ளை அணைந்த அடுப்பைப் பார்த்தும் ஊதும், நிலாவைப் பார்த்தும் ஊதும், தாத்தாவின் வழுக்கையைப் பார்த்தும் ஊதும். பொதுமைப்படுத்தல் என்று உளவியலார் சொல்வது இதைத்தான்.

இலக்கியச் சான்றுக்கும் குறைவில்லை. பிள்ளைத்தமிழ் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கிறது. ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் வருகை. ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களில் ஒன்று சிற்றில். சிறுமிகள் கட்டிய மணல்வீட்டைக் காலால் சிதைக்காதே என்று பாட்டுடைத் தலைவனைக் கெஞ்சுவது அது. தலைவன் முருகனே ஆனாலும் கெஞ்சலில் சலுகை இல்லை. ‘அதை உடைக்காதே’ என்ற ஒரே கோரிக்கைக்குத் தனிப் பருவம் ஒதுக்கிய மரபில் வந்தவர் அம்மாச்சி.

அயல்நாட்டுச் சான்று இல்லாமல் நம்மவர்கள் நம்பமாட்டார்கள் என்பதால் அதுவும் இதோ. 1960-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக உளவியலாளர்கள் எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் இருவரும் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கண்ணாடி மேசை ஒன்றைச் செய்து, அதன் ஒரு பாதி பள்ளம்போலத் தெரியும்படி அமைத்தார்கள். நகர முன்வந்த 27 குழந்தைகளில் பள்ளத்தின் மேல் தவழ்ந்தது 3 மட்டுமே. இதைவிட நமக்கு வேண்டியது 1985-இல் வெளியான இன்னொரு ஆய்வு. ஜேம்ஸ் சோர்ஸும் உடனிருந்தோரும் அதே மாதிரி மேசையில் பள்ளத்தைச் சந்தேகத்துக்கு இடமாகக் குறைத்து, எதிர்ப்பக்கம் தாயை நிறுத்தினார்கள். தாய் சிரித்த முகம் காட்டியபோது ஒரு வயதுப் பிள்ளைகள் 19 பேரில் 14 பேர் கடந்தார்கள். அச்சமுகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. அம்மாச்சியின் புருவத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

ஆனால் ஒருமுறை சொன்னால் போதாது. தவழும் வாரங்களில் செங்குத்தான சரிவைத் தவிர்க்கக் கற்ற பிள்ளைகள், நடக்கத் தொடங்கியதும் அதே சரிவில் மறுபடி பாய்ந்தார்கள் என்று உளவியலாளர் கேரன் அடால்ஃப் கண்டார். நடைபயிலும் பிள்ளை ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி வைக்கிறது, 17 முறை விழுகிறது என்று எண்ணிச் சொன்னதும் அவர் குழுதான். “நேத்துத்தான சொன்னேன்” என்று பிள்ளையைக் கடிவது அறிவியலுக்கு ஒவ்வாது. நேற்று கேட்டது தவழ்ந்த பிள்ளை.

இக்கல்விமுறைக்குப் பகை வெளியே இல்லை, கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. டிவி ரிமோட்டை எடுத்த பிள்ளையை அம்மாச்சி முறைக்கும்போதே, “எங்கய்யா சேனல் மாத்துறான்டி” என்று தாத்தா சிரித்துவிடுகிறார். ஒரு முகம் அஞ்ச, ஒரு முகம் சிரிக்க, நடுவில் நிற்கும் பிள்ளை என்ன செய்யும் என்று 1985-இல் யாரும் சோதிக்கவில்லை. போடியிலோ உத்தமபாளையத்திலோ எந்த வீட்டிலும் சாயங்காலம் போய்ப் பார்க்கலாம்: பிள்ளை ரிமோட்டைக் கடிக்கும்.

இந்த இடத்தில் மூடல்வாதிகளுக்கு உரிய மரியாதையைச் செய்தாக வேண்டும். தப்பு செய்து திருந்த இடமிருந்தால்தான் அது பாடம். டம்ளர் அந்த இடத்தைக் கொடுக்கிறது. காசு வடிவ பேட்டரி கொடுக்காது. விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். குளியலறை வாளியில் சில அங்குலத் தண்ணீர் போதும், தலைகுப்புற விழுந்த பிள்ளையால் எழ முடியாது. சுருளிப்பட்டியிலோ காமயகவுண்டன்பட்டியிலோ திராட்சைக் கொடிக்கு அடித்து மிஞ்சிய பூச்சி மருந்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றிக் கதவு மூலையில் வைத்தால், எந்தப் புருவமும் உதவிக்கு வராது. அதன் இடம் பூட்டிய பெட்டி.

கடைசியாக, 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை. ஊருக்குப் பெருமைதான். ஆனால் உருண்டையான முழுப்பழம் சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைக்கப் பொருத்தமான அளவில் விளைகிறது. குலையோடு வாங்கிவரும் தாத்தாவுக்கு இவ்வாய்வு ஒரு வேலை தருகிறது: ஐந்து வயது ஆகும்வரை ஒவ்வொரு பழத்தையும் நீளவாக்கில் நான்காகக் கீறி, விதையை எடுத்துவிட்டுத்தான் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும்.