கீழ்த்தளப் பாட்டியும் முகவரி அறிவும்: ஓர் உட்லண்ட்ஸ் ஆய்வு

நெட்வொர்க் ஸ்விட்ச் முகவரிகளை எப்படிக் கற்கிறது என்று விளக்க, அறிஞர்கள் பலகை நிறைய அம்புக்குறி போடுகிறார்கள். வீண் செலவு. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளக் கல்மேசையில் ஒரு பாட்டி இருக்கிறார். அவரே போதும் என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

பாட்டி யாரிடமும் முகவரி கேட்பதில்லை. "என்ன பாட்டி, சாப்டாச்சா?" என்று ஒரு குரல் வந்தால், அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பார்த்து மனத்தில் முடிந்துகொள்வார். ஸ்விட்ச்சும் அப்படித்தான். பொட்டலத்தில் அனுப்பியவரின் 48 பிட் முகவரியை, அது நுழைந்த போர்ட்டோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளும். பெறுநர் பெயரைப் பார்த்து எதையும் கற்காது. பெறுநர் யாரென்று தெரியாவிட்டால், வந்த வழி தவிர எல்லா வழியிலும் அனுப்பிவிடும். பாட்டியின் மொழியில்: "யாருக்குப்பா பார்சல்?"

மறதியில்தான் வேறுபாடு. 300 வினாடி சத்தமில்லை என்றால் ஸ்விட்ச் பெயரை அழிப்பது வழக்கம். பாட்டியோ, 1996இல் இங்கே எம்ஆர்டி வந்தபோது எந்த வீட்டில் யார் இருந்தார் என்பதைக்கூட அழிக்கவில்லை.

இனி வீலேன். (வில்லன் அல்ல, ஆனால் தூரத்து உறவு.) ஒரே ஸ்விட்ச் பெட்டியைப் பல பெட்டிகளாகப் பாவிக்கும் ஏற்பாடு அது, 4094 வரை பிரிக்கலாம். பிரித்ததை யாராவது ஒரு கேபிளால் மறுபடி இணைத்துவைப்பதும் உலக வழக்கம். உட்லண்ட்ஸை மலேசியாவின் ஜோகூரோடு இணைக்கும், 1924இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட கடற்பாலத்தை அப்படிப்பட்ட கேபிளாகக் கொள்க.

நாலாம் மாடித் தம்பி சனிக்கிழமை ஜோகூர் போய்ச் சாமான் வாங்கிவந்தார். அவர் ஜோகூர் பஸ் பக்கமிருந்து வருவதைக் கண்ட பாட்டி, "நாலாம் மாடி" என்பதை அடித்து "ஜோகூர் பஸ்" என்று எழுதிக்கொண்டார். மத்தியானம் பார்சல்காரரைப் பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பினார். தம்பி மேலே தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு வீலேனுக்கும் ஒரே நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் ஸ்விட்ச் இப்படித்தான் கெடும்: ஒரே முகவரி கேபிள் வழியாகச் சுற்றி மறு வாசலில் தோன்ற, பழைய குறிப்பு அழியும், அடுத்த பேச்சில் மறுபடி மாறும், இடையில் வரும் பொட்டலம் தொலையும்.

மருந்து, வீலேனுக்கு ஒரு நோட்டு. 1998இல் வந்த 802.1கியூ தரநிலை பொது நோட்டு, தனி நோட்டு என்ற இரு முறைகளையும் வகுத்தது. அதே 1998 ஆகஸ்ட்டில் சிங்கப்பூர் தன் ரயில் குடிநுழைவுச் சோதனையைத் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியச் சோதனை தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. ஆகவே வடக்கே போன பயணி சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும் முன்பே மலேசியாவுக்குள் வந்தவராகப் பதிவானார். உட்லண்ட்ஸ் வரும்வரை ஒரு நோட்டில் அங்கே, மறு நோட்டில் இங்கே. 2011 ஜூன் வரை இப்படி ஓடியும் ரயில் குழம்பவில்லை, நோட்டுகள் தனித்தனி. இரண்டு 1998க்கும் தொடர்பில்லை என்பார்கள். ஆய்வாளருக்கு ஒப்புதல் இல்லை.

பாட்டிக்கு இரண்டாவது நோட்டு வாங்கித்தர நம்மால் ஆகாது. எனவே ஒரே விண்ணப்பம்: வீட்டுக்கு வந்ததும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "பாட்டி!" என்று ஒரு குரல் கொடுங்கள். உங்கள் பார்சலுக்காக மற்றவர் கதவைத் தட்ட வேண்டியிராது.