அண்ணாந்து கேட்டல்: ஆக்லாந்து ஓபராவில் கழுத்தின் நிலை குறித்து ஓர் ஆய்வு

இசை செவிக்கு உரியது என்பர் முன்னையோர். அது பொருந்தாது. என்னை? யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவில் நாதசுரத்துக்கு முன் நிற்பவர்களைப் பாருங்கள். காது இருந்த இடத்திலேயே இருக்கும், உழைப்பது கழுத்துத்தான். இடமும் வலமுமாக ஆடும் அந்தக் கழுத்தைப் புலம்பெயர்த்து, ஆக்லாந்தில் ஓபராவுக்கு முன் இருத்தினால் என்ன ஆகும் என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது. இத்துறையில் முன்னாய்வுகள் எவையும் என் கண்ணில் படவில்லை.

முதலில் களம். ஆக்லாந்திலும் வெலிங்டனிலும் தனித்தனியே இருந்த குழுக்கள் 2000-ஆம் ஆண்டில் ஒன்றுசேர்ந்து நியூசிலாந்து ஓபரா ஆயின. நகர நடுவில் 1990-இல் திறந்த அவோட்டேயா மையத்தின் பெரிய அரங்குக்கு 2019 முதல் நியூசிலாந்துப் பாடகி கிரி தே கனவாவின் பெயர். 1981-இல் சார்ல்ஸ், டயானா திருமணத்தில் பாடிய அதே கிரி தே கனவா. ஆக்லாந்தில் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய ஓபராக்களே மேடையேறும். மார்கழியில் சென்னைச் சபாக்கள் ஒரே நாளில் முடிக்கும் கச்சேரிக் கணக்கை எட்ட, இங்கே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆய்வு நடந்த அரங்கு அந்தப் பெரிய அரங்கைவிடச் சிறியது. அதன் பெயரும் எங்கள் வரிசை எண்ணும் ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகின்றன.

ஆய்வுக்கு உட்பட்ட கழுத்துகள் இரண்டு. ஒன்று என்னுடையது. மற்றது, ஆக்லாந்தின் மவுண்ட் ரொஸ்கிலில் வசிக்கும் என் பெரியப்பாவுடையது. அவருடைய கழுத்து இளமையில் யாழ்ப்பாணத்து நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்ட இசை நாடகத்தில் பயின்றது: கோயில் வீதி, மணலில் பாய், விடிய விடியப் பாட்டு. சண்டையும் பாட்டு, சாவும் பாட்டு. ஆகவே ஓபரா அவரை மிரட்டவில்லை. "இதுவும் எங்கட இசை நாடகம்தான் தம்பி. ஆர்மோனியத்தை எங்கை வைச்சிருக்கிறாங்கள்?" என்று வாத்தியக்காரர் இருந்த பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

அன்று நடந்தது புச்சினியின் 'லா போயெம்'. 1896-இல் டூரினில் முதலில் மேடையேறியது. பாட்டு இத்தாலிய மொழியில். பொருள் மேடைக்கு மேலே ஒரு பலகையில் ஆங்கிலத்தில் ஓடும். இந்தப் பலகை வழக்கம் 1983-இல் டொராண்டோவில் பிறந்தது. 1600-ஐ ஒட்டி இத்தாலியில் தோன்றிய ஓபரா, ஏறத்தாழ 380 ஆண்டுகள் கழுத்துவலி இல்லாமலே வாழ்ந்திருக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

பலகையின் விளைவுகள் பாரதூரமானவை. தமிழ்க் கழுத்து இடவலம் போவது. பலகை அதை மேல்கீழாக ஆட்டுகிறது. எழுத்தைப் பார்த்தால் நாயகி மிமி இருமுவது தெரியாது. மிமியைப் பார்த்தால் ஏன் இருமுகிறாள் என்று தெரியாது. இன்னொன்று, எழுத்து பாட்டை முந்திவிடும். பாடகர் பகிடியைத் தொடங்குமுன் சபை சிரித்து முடித்துவிடும். பாவம், அவர் பாடி முடிக்கும்போது மயான அமைதி. வரப்போவதை முன்கூட்டிச் சொல்வது நம் கூத்தில் கட்டியகாரன் வேலை. ஆனால் அவன் நிலத்தில் நின்று சொல்வான்.

மொழி விளங்காமல் எப்படி ரசிப்பது என்பர் ஒரு சாரார். இதைத் தமிழரிடம் கேட்கக் கூடாது. தியாகராசரின் தெலுங்குக்குத் தலையாட்டிக் கண்ணீரும் விட்டவர்கள் நாம். (1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதை எதிர்வாதமாகக் காட்டுவோர் உளர். அவர்கள் கேட்டது தமிழ்ப் பாட்டை; பலகையை அன்று.)

பெரியப்பா முதல் அங்கத்திலேயே பலகையைக் கைவிட்டார். கழுத்து தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பியது. இந்த நாட்டில் இடவலமாகத் தலையாட்டினால் 'இல்லை' என்று பொருள். பின்வரிசை வெள்ளைக்கார அம்மா இடைவேளையில் வந்து, "உங்களுக்கு நாடகம் பிடிக்கவில்லையா?" என்று கவலையோடு கேட்டார். அதற்கும் பெரியப்பா அப்படியே தலையாட்டினார்.

கடைசி அங்கம். மிமி கட்டிலில் கிடந்து பாடினாள். "சாகப்போறவளுக்கு எங்காலை இவ்வளவு மூச்சு?" என்றார் பெரியப்பா. பிறகு பாட்டு ஓய்ந்தது. அந்த ஓபராவில் மிமி உயிர்விடும் கணத்துக்குச் சொல் கிடையாது. பலகையில் போட ஒன்றுமில்லை. நான் அண்ணாந்து வெறும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "போயிட்டாள்" என்றார் பெரியப்பா மெல்ல. காதலன் ரொடோல்போவுக்கே அது இன்னும் தெரியாது.

இனி, சீட்டு வாங்குவோர் கவனத்துக்கு: முன்வரிசைக்கு விலையும் கூட, கழுத்துவலியும் கூட. மேல்மாடத்தில் பலகை கண்மட்டத்துக்கு வந்துவிடும், காசும் மிச்சம். மயான காண்டம் பார்த்த பெரியப்பா உங்களுக்கும் இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் இருங்கள்.