இரட்டைக்குழலும் ஒற்றை 'ப்ச்'சும்

பழைய பொருளை விலைக்கு எடுப்பவர்கள் எல்லாரும் எங்கோ ஒரே குருகுலத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். போன வியாழக்கிழமை மதுரையில் அது ஊர்ஜிதமாயிற்று. துப்பாக்கி விற்கப் போயிருந்தேன். முறையான லைசென்ஸ் உள்ள துப்பாக்கிதான், யாரும் பதற வேண்டாம். கடைக்காரர் உறையைக் கழற்றினார். துப்பாக்கியை மடித்துத் திறந்தார். குழலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, உள்ளே பார்த்தார். அப்புறம் "ப்ச்" என்றார்.

அவ்வளவுதான். தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறை அந்த இடத்திலேயே விழுந்தது. எங்கள் துப்பாக்கி தன் வாழ்நாளில் இவ்வளவு குறி தவறாமல் சுட்டதில்லை.

இந்த 'ப்ச்' உங்களையும் தாக்கியிருக்கும். வழக்கமாகப் பழைய பேப்பர்க்காரரிடம்தான் முதல் அடி வாங்குவோம். கட்டைப் பிரிக்கும் முன்னாலேயே, "தமிழ்ப் பேப்பரா? ப்ச். இங்கிலீஷ்னா கூடப் போடலாம்" என்பார். பாதி எடையைத் தராசு தின்னும், மீதியை இந்தச் சத்தம் தின்னும். காலையில் அதே பேப்பரைக் காசு கொடுத்து வாங்கியபோது அது என்ன மொழியில் இருக்கிறது என்று யாரும் விசனப்பட்டதாக நினைவில்லை.

பழைய புத்தகக் கடைக்காரருடைய 'ப்ச்' கொஞ்சம் மென்மை. அட்டையைப் பரிவோடு தடவி, "சிலபஸ் மாறிருச்சே சார்" என்பார். கொண்டுபோனது கம்பராமாயணமாக இருந்தாலும் சிலபஸ் மாறித்தான் இருக்கும்.

பாத்திரக் கடைக்காரர் அண்டாவைச் சுண்டி நாதம் கேட்பார். "பித்தளைதான். ஆனா ஈயம் போயிருச்சு. ப்ச்." எடுப்பது உருக்குவதற்கு, உருக்கப் போகிறவருக்கு ஈயம் இருந்தால் என்ன, போனால் என்ன என்று கேட்க நாம் வாயெடுப்பதற்குள் இரண்டாவது 'ப்ச்' வந்து விழும். அடிப்பக்கத்தில் பாட்டி பெயர் வெட்டியிருந்தால் மூன்றாவதும் உண்டு. பெயர் வெட்டிய பாத்திரத்துக்கு மவுசு இல்லையாம்.

பைக் புரோக்கர் மட்டும் காலால் ஆரம்பிப்பார். டயரை ஓர் உதை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்த ரசிகர் மாதிரி கண்ணை மூடிக் கேட்பார். அபஸ்வரம் எங்கே என்று நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். மனை புரோக்கர் வண்டியைவிட்டு இறங்கவே மாட்டார். "தெருக்குத்து இருக்கே சார், ப்ச்." அதே மனையை அடுத்த மாதம் இன்னொருவருக்கு விற்கும்போது, "நேரா ரோடு பாத்த வாசல் சார், காத்து பிச்சுக்கிட்டு வரும்" என்பதும் அவர்தான்.

நகைக்கடையில் சத்தம் கேட்காது. ஏ.சி. போட்ட இடமல்லவா, புருவத்தோடு முடித்துக்கொள்வார்கள். கல் எடை கழிவு, அரக்கு கழிவு, அழுக்கு கழிவு. நாம் வாங்கிய அன்றைக்குச் சேதாரம் என்று நம்மிடம் ஒரு தொகை வாங்கினார்களே, அந்தத் தங்கம் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு முறை கேட்டேன். காபி கொடுத்தார்கள்.

இதற்கு ஓர் இலக்கணமே எழுதலாம். குறில் 'ப்ச்' என்றால் விலையில் கால் பங்கு போயிற்று. நெடிலாக, 'ப்ச்ச்ச்' என்று இழுத்தால் பாதி. தலையாட்டலோடு சேர்ந்து வந்தால் முக்கால். சத்தமே இல்லாமல், பொருளை மேசைமேல் இரண்டு அங்குலம் நம் பக்கம் தள்ளிவிட்டு, நமக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்து "உங்களுக்கு என்ன சார்?" என்று கேட்டால், கொண்டுவந்ததற்கு நாம்தான் ஏதாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வாள், ஈட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்தச் சத்தத்தை எப்படித் தவறவிட்டார்கள் என்று தெரியவில்லை.

துப்பாக்கிக்கு வருகிறேன். கடைக்காரர் என்ன விலைக்குக் கேட்டார் என்பதையும் சொல்கிறேன். ஆனால் அது என்ன துப்பாக்கி என்று தெரியாமல் விலையை மட்டும் சொன்னால் நீங்களும் 'ப்ச்' கொட்டிவிடுவீர்கள்.

தாத்தாவுக்கு ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் மாந்தோப்பு. காட்டுப்பன்றித் தொல்லைக்காகப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் வாங்கினார். அப்போது நடப்பில் இருந்தது லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம்; 1959இல் போட்ட சட்டம் 1962இல்தான் அமலுக்கு வந்தது. லைசென்ஸ் காகிதங்களை வரிசையாக அடுக்கினால் முதலில் ராமநாதபுரம் மாவட்டம், 1985க்குப் பிறகு காமராஜர் மாவட்டம், அதற்கும் பிறகு விருதுநகர் மாவட்டம். தோப்பு ஓர் அடி நகரவில்லை. பன்றிகளும் நகரவில்லை.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு துப்பாக்கியின் வேலை வானத்தைச் சுடுவது. அப்பா சுட்டால் தோப்பில் நாலு மாங்காய் விழும். அதைப் பன்றிகள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். சரணாலயத்திலிருந்து 10 கி.மீ.க்குள் குடியிருக்கும் லைசென்ஸ்தாரர் தன் துப்பாக்கியை வனத்துறையிலும் பதிய வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. எங்களுக்கு வாய்த்தது ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம். தாத்தா சிறுத்தையை விரட்டியதாகச் சொல்லப்படும் துப்பாக்கியை, ஓர் அணிலை உத்தேசித்துப் பதிவு செய்துவைத்தோம்.

அப்புறம் தேர்தல். அறிவிப்பு வந்ததும் ஸ்டேஷனில் இருந்து போன் வரும். "துப்பாக்கியக் கொண்டாந்து ஒப்படைச்சிருங்க சார்." 2019இல் மக்களவைக்கு ஒரு முறை, அதே வருடம் டிசம்பரில் ஊராட்சித் தேர்தலுக்கு ஒரு முறை, 2021இல் சட்டமன்றத்துக்கு, 2024இல் மறுபடி மக்களவைக்கு. ஒவ்வொரு முறையும் ரைட்டர் ரசீது எழுதித் தருவார். முடிவு வந்தபின் ரசீதைக் கொடுத்து மீட்டு வர வேண்டும். என் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளையும் மாமனார் வீட்டுக்கு இவ்வளவு ஒழுங்காகப் போய் வந்ததில்லை. தேர்தல் இல்லாத நாளில் புதுப்பித்தல். முன்பு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, இப்போது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. நடுவில், ஒவ்வொரு லைசென்ஸுக்கும் கம்ப்யூட்டரில் தனி அடையாள எண் வேண்டும் என்றார்கள். அதற்குக் கொடுத்த ஜெராக்ஸ்களை அடுக்கி அவற்றின் மேல் ஏறி நின்றிருந்தால் மாங்காயைக் கையால் பறித்திருக்கலாம்.

விற்றுவிடலாம் என்று முடிவு செய்து உறவுக்காரர்களிடம் வாய்விட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு விலை வைத்தார்கள். "லண்டன் சரக்கு." "வெள்ளைக்காரன் கைவேலை." "இதெல்லாம் இப்ப யாரு செய்றா?" துப்பாக்கி பர்மிங்காமில் செய்தது. அதைச் சொன்னால், "லண்டனுக்குப் பக்கம்தானே" என்கிறார்கள். ட்வெல்வ் போர் என்றால் ஒரே மூச்சில் பன்னிரண்டு தோட்டா சுடும் என்று ஒரு சகலை அடித்துப் பேசினார். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால், அதில் ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் என்றுதான் கணக்கு என்றேன். "அப்ப ஈயத்துக்கே நல்ல விலை வருமே" என்றார்.

டல்லாஸில் இருக்கும் அக்கா மகன் வீடியோ காலில் வந்தான். "அங்க அடகுக்கடை கிடையாதா மாமா? இங்க துப்பாக்கியக் கொண்டுபோய் கவுண்டர்ல வச்சா பணத்த எண்ணிக் குடுப்பான்." அங்கே அடகுக்கடைக்காரர் துப்பாக்கி வியாபாரத்துக்கென்று தனியாக மத்திய அரசு லைசென்ஸ் எடுத்திருப்பார். அடகு வைத்த சொந்தத் துப்பாக்கியை மீட்கும்போதுகூட, புதிதாக வாங்குகிறவன் கணக்கில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறி வர வேண்டும். இங்கே அடகுக்கடை ஓடுவது 1943ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டத்தின்படி, நகைக்கும் பாத்திரத்துக்கும். ஆயுதச் சட்டத்திலோ இரவல் கொடுப்பதும் கைமாற்றுவதுதான், கையைவிட்டுப் போனாலே கைமாற்றுவதுதான். எங்கள் தெரு அடகுக்கடைக்காரரிடம் பேச்சுக்குக் கேட்டேன். அந்த மனிதர் 'ப்ச்' கூடச் சொல்லவில்லை. கல்லாவைப் பூட்டிவிட்டு எழுந்து நின்றார்.

ஆகவே மதுரை.

கடைக்காரரின் முதல் குற்றச்சாட்டு, "டமாஸ்கஸ் குழல் சார்." இரும்பையும் எஃகையும் பட்டை பட்டையாக முறுக்கி, தண்டில் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டிச் செய்த குழல். மேலே வரிவரியாக ஓடும் சித்திரம் எவனும் வரைந்ததல்ல, உலோகத்திலேயே விழுந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளி எல்லாருக்கும் தாத்தா அதைத்தான் காட்டுவார். "அதான் சார் சிக்கல். கரிமருந்து காலத்துக் குழல். இப்ப வர்ற தோட்டாவோட அழுத்தத்த நம்பி இதுல போட முடியாது." 'ப்ச்.' அடுத்தது, தோட்டா உட்காரும் அறை இரண்டரை அங்குலத்துக்குக் கடைந்தது. இப்போது சாதாரணமாகக் கிடைக்கும் தோட்டா இரண்டேமுக்கால். 'ப்ச்.' வெளியே துருத்திக்கொண்டு இரண்டு குதிரை. 'ப்ச்.' கட்டையில் மயிரிழை விரிசல். இது நெடில். "இப்பல்லாம் கான்பூர் .32 ரிவால்வர்தான் சார் கேக்குறாங்க. தோப்புத் துப்பாக்கிய யாரு சார் தேடுறா?"

அவர் சொன்ன குறை ஒவ்வொன்றும் உண்மை. எனக்குக் கோபம் அதனால்தான். பொய் சொல்லி விலையைக் குறைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சொல்லாமல் விட்ட பெரிய காரணமும் ஒன்று உண்டு. இதை வாங்குகிறவர் ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். வைத்திருப்பவரோ எண்ணிக்கையில் மாட்டிக்கொண்டவர். ஒருவருக்கு மூன்று துப்பாக்கி வரை என்றிருந்ததை 2019இல் திருத்தி இரண்டாக்கினார்கள். மூன்று வைத்திருந்தவர்களுக்கு ஒன்றைத் தள்ளிவிட ஒரு வருடம் கெடு. யாராவது புது ரிவால்வரைத் தள்ளுவார்களா? தாத்தா காலத்து இரட்டைக்குழலைத்தான் தள்ளினார்கள். கடையின் பின்சுவரில் அவை வரிசையாகச் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு லண்டன் சரக்கு, ஒரு சிறுத்தை, ஒரு சகலை.

விலை படிந்தாலும் கையோடு கொடுத்துவிட்டு வர முடியாது. விற்கப்போகிறேன் என்று கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு, குறைந்தது 45 நாள் காத்திருக்க வேண்டும். 45 நாளில் அந்தக் கடைக்காரரால் எத்தனை 'ப்ச்' கொட்ட முடியும் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. "அதுவரைக்கும் இங்கயே வச்சிட்டுப் போங்க சார். பாதுகாப்புக் கட்டணம் மாசா மாசம் குடுத்தாப் போதும்" என்றார். விற்க வந்தவனிடம் வாடகை கேட்கும் வியாபாரத்தை நான் அங்கேதான் பார்த்தேன். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அக்காமார் போன். அப்பா காலமானபின் வாரிசு முறையில் லைசென்ஸ் என் பேருக்கு மாறியபோது, மற்ற வாரிசுகள் என்ற வகையில் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். ஆட்சேபணை இல்லாதது லைசென்ஸுக்கு, பணத்துக்கு இல்லை என்பது இப்போதுதான் தெரிகிறது. "ஒரு லட்சத்துக்குக் கீழ இறங்கிராதடா" என்றாள் பெரியக்கா. "விக்கவே வேணாம்டா, அப்பா ஞாபகம். ஹால்ல மாட்டி வை" என்றாள் சின்னக்கா.

"உன் பேருக்கு லைசென்ஸ மாத்தி உன் வீட்டு ஹால்ல மாட்டிக்கிறியாக்கா?"

"அய்யோ, பேரப்பிள்ளைக இருக்கிற வீடுடா!"

பாசம் அவளுக்கு. ரினியூவல் எனக்கு.

விலையைச் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். சொல்ல உத்தேசமில்லை. அக்காமார் இரண்டு பேரும் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர்கள். தாத்தா ஒருத்தி மனதில் ஒரு லட்சத்திலும், இன்னொருத்தி மனதில் விலைமதிப்பில்லாமலும் சௌகரியமாக இருக்கிறார். மதுரைக்காரர் சொன்ன தொகையைச் சொல்லி அவரை ஏன் கீழே இறக்க வேண்டும்? தவிர, அதை மூன்றாகப் பங்கு வைத்தால், பங்கை வாங்கிக்கொள்ள அக்காமார் இங்கே வந்துபோகும் பஸ் செலவுக்குக் காணாது. பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பது வாஸ்தவம்தான். ஆனால் அவர்கள் இருப்பது கோயம்புத்தூரில்.