விண்வெளியில் ஊர் கட்டுவது எப்படி: வடசென்னைப் பிள்ளைகளுக்கு ஒரு கையேடு

நோட்டீஸ் போர்டில் 'விண்வெளிக் குடியிருப்பு வடிவமைப்புப் போட்டி' என்ற தாளைப் பார்த்ததும், "அதெல்லாம் அடையாறு பசங்களுக்குப்பா" என்று நகர்ந்துவிடுகிற ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பத்தாயிரம் பேரை ஒரு மூடிய கூட்டுக்குள் குடிவைத்து, அவர்களுடைய காற்று, தண்ணீர், குப்பை, விபத்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். கேள்வித்தாள் அவ்வளவுதான். இந்தப் பாடத்தில் உங்களைவிடக் கூடுதலாகப் பயிற்சி எடுத்தவர்கள் நாட்டில் குறைவு.

முன்னுரைக்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும், எழுதிக்கொள்ளுங்கள். 1969இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜெரார்ட் ஓநீல் தன் மாணவர்களிடம் ஒரு கேள்வி போட்டார்: பெருகிக்கொண்டே போகிற தொழில் நாகரிகத்துக்கு ஒரு கோளின் தரைதான் சரியான இடமா? பிள்ளைகள் கணக்குப் போட்டுவிட்டு இல்லை என்றார்கள். 1974இல் அவர் அதைக் கட்டுரையாக எழுதினார். 1975 கோடையில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் ஒரு குழு கூடி, பத்தாயிரம் பேர் வாழும் ஸ்டான்ஃபோர்டு வளையத்தை வரைந்து முடித்தது. 1994 முதல் அதே ஏம்ஸ் மையம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி நடத்தியது. இப்போது அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கம் அதை ஓநீல் பெயரில் நடத்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை யாரும் எழுதலாம். எழுதிக் குவிப்பவர்களில் இந்தியாவும் ருமேனியாவும் முன்வரிசை. இன்னொரு போட்டி 1984இல் தொடங்கியது. அதில் பிள்ளைகள் கற்பனை கம்பெனிகளாகப் பிரிந்து, ஒரு கற்பனைச் சங்கம் விடும் டெண்டருக்குத் திட்டம் போட்டு, நடுவர்கள் முன்னால் வாதாட வேண்டும். அதன் ஆசியச் சுற்று இந்தியாவிலும் நடந்திருக்கிறது. டெண்டர் என்றதும் சிரிக்க வேண்டாம், இங்கே கமிஷன் கிடையாது.

கனரகத் தொழில்களைப் பூமியை விட்டே கிளப்பிவிட வேண்டும் என்பதும் ஓநீலின் ஆசை. மனு ஒன்று எழுதிக் கொண்டுவந்திருந்தால் எண்ணூரில் வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கியிருக்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் ஈர்ப்பு. அங்கே தரை இழுக்காது, அதனால் ஊரையே சுற்றவிட வேண்டும். திருவொற்றியூர் மாசித் திருவிழா ராட்டினத்தில் முதுகு ஏன் பலகையோடு ஒட்டுகிறது என்று யோசித்திருந்தால் பாதி இயற்பியல் முடிந்தது. மீதிக் கணக்கு: நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால், பூமியில் உள்ள அதே எடையை உணர மையத்திலிருந்து சுமார் 895 மீட்டர் தள்ளித் தரை இருக்க வேண்டும். செலவைக் குறைக்கிறேன் என்று ஊரைச் சுருக்கினால் வேகத்தைக் கூட்ட வேண்டும். நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்றால் 224 மீட்டர் போதும், ஆனால் குடிவந்தவர்களுக்குத் தலை சுற்றத் தொடங்கலாம். காசிமேட்டு லாஞ்சில் போய்வந்த பிள்ளை குழுவில் இருந்தால், அவனை இந்தப் பகுதிக்குப் பொறுப்பாக்குங்கள்.

தண்ணீர்ப் பகுதியை வீட்டில் அம்மாவிடம் விட்டுவிடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரில் பாத்திரம், பாத்திரம் கழுவியதில் வாசல், மிச்சம் கக்கூஸுக்கு என்று குடக் கணக்கில் குடும்பம் நடத்தியவர்கள் அவர்கள். சர்வதேச விண்வெளி நிலையம் சிறுநீரையும் வியர்வையையும் சேர்த்து 98 விழுக்காடு தண்ணீரை மீட்டுவிட்டதாக 2023இல் நாசா பெருமையாக அறிவித்தது. நம் பக்கத்திலும் மேற்கோள் உண்டு. கொடுங்கையூரில் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை மணலி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் இருக்கிறது. இதைக் கட்டாயம் எழுதுங்கள். 2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை எழுத வேண்டாம், விண்வெளிக்கு ரயில் வராது.

அடுத்ததுதான் முக்கியமான பகுதி, இங்கே நிதானமாகப் படியுங்கள். ஆலையை எங்கே வைப்பது? ஸ்டான்ஃபோர்டு வளையத்தின் படத்தைப் பாருங்கள். வீடுகளும் வயல்களும் சக்கரத்தின் விளிம்பில் இருக்கின்றன. உலோகம் உருக்குவதும் வார்ப்பதும் சக்கரத்துக்கு வெளியே, அச்சின் தென்முனையில் தனியாக. 1975இல் பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கே, புகை விடுவதையும் பிள்ளை தூங்குவதையும் ஒரே சுவருக்குள் வைக்கக்கூடாது என்று தோன்றியிருக்கிறது. அவர்கள் ஆலையைத் தெற்கே வைத்தார்கள். நம் ஊரில் வடக்கே வைத்தார்கள். அதோடு வீட்டையும் அங்கேயே விட்டுவிட்டார்கள்.

எனவே, கண்ணால் பார்த்ததை அப்படியே வரைந்துவிடாதீர்கள். மணலியில் சுத்திகரிப்பு ஆலை, அதை ஒட்டி உர ஆலை, எதிர்த் தெருவில் பள்ளிக்கூடம் என்று ஒரு ஊரை வரைந்து அனுப்பினால் நடுவர்கள் உங்களுக்கு மனநல ஆலோசனை சொல்வார்கள். அதே ஊர் இங்கே வரைபடமாகி, முத்திரை குத்தப்பட்டு, நிஜமாகவே எழும்பி நிற்கிறது. போட்டியில் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பட்டியல் கேட்பார்கள்: காற்றின் சேர்மானம் என்ன, உணவு எங்கே விளைகிறது, மின்சாரம் எப்படி, வீட்டுக் குப்பை எங்கே போகிறது, ஆலைக் கழிவு எங்கே போகிறது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பலைக் குழம்பாக்கிக் குளத்துக்குக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து, எண்ணூர் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, இறால் பிடித்த இடத்தில் முழங்கால் புதைகிற அளவுக்குச் சேறானது. கடைசிக் கேள்வியை அங்கே யாராவது சரியாகக் கேட்டிருந்தால் ஆறு ஆறாகவே இருந்திருக்கும்.

ஒன்றை அசைத்தால் இன்னொன்று அசையும் என்பதற்கும் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். உதாரணத்துக்கு வெளியூர் போக வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்டினார்கள். வடக்கு நோக்கி ஓடிவந்த மணல் அங்கே தடுக்கி நின்றது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போனது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரித்துக்கொண்டே போனது. அங்கே காற்று வாங்கப் போகிறார்கள், இங்கே கல் கொட்டுகிறார்கள்.

விபத்துப் பகுதி. எந்த ஒரு பகுதி கெட்டாலும் மற்றவற்றை அதிலிருந்து துண்டிக்க வழி காட்டு என்று டெண்டரில் கேட்பார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் "அவசரக் கதவுகள் தானாக மூடிக்கொள்ளும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நீங்கள் அப்படி முடிக்காதீர்கள். 2023 டிசம்பர் 26 இரவு, கப்பலிலிருந்து எண்ணூர் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தபோது, பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் ஜனங்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். அவர்களை முதலில் எழுப்பியது அவரவர் மூக்கு. ஆகவே எழுதுங்கள்: சங்கு யார் ஊத வேண்டும், எத்தனை நொடிக்குள், காற்று எந்தப் பக்கம் வீசினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், நடக்க முடியாத ஆயாவை யார் தூக்குவது, எந்த வண்டி எந்த முனையில் நிற்கும். இதைத் தெருப் பெயரோடு எழுதும் பிள்ளைக்கு நடுவர் என்ன மார்க் போட்டாலும் நான் முழு மார்க் போடுகிறேன்.

ரோபோ பகுதிக்குச் சுருக்கமான அறிவுரை: அளவோடு பீற்றுங்கள். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. கரையில் அதை அள்ளியது பிளாஸ்டிக் பக்கெட்டும் மனிதக் கையும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் கழிமுகத்துக்கு வந்தபோதும் மீனவர்கள்தான் படகில் போய் அள்ளினார்கள். உங்கள் குடியிருப்பில் கசிவை யார் துடைப்பார்கள், அவர்களுக்குக் கையுறை உண்டா என்று ஒரு வரி சேருங்கள்.

வீட்டு அளவு: ஸ்டான்ஃபோர்டு வளையத்தில் வீடு, கடை, பள்ளி, வயல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 67 சதுர மீட்டர் தரை, அதாவது சுமார் 720 சதுர அடி. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் புது வீடு ஒரு குடும்பத்துக்கே 400 சதுர அடியை ஒட்டித்தான் வருகிறது. இன்னொன்றிலும் விண்வெளிக்கு நம்மைவிட வசதி. ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்களை எங்கே அனுப்புவது என்ற பிரச்சினை கிடையாது. நம் கடற்கரையிலிருந்து ராக்கெட் ஏறுவதை வேடிக்கை பார்க்கிறோமே, அந்த ஸ்ரீஹரிகோட்டாவில்கூட ஏவுதளத்துக்கு முன் ஏனாதி மக்கள் வாழ்ந்தார்கள்.

படம் வரையும் பிள்ளைக்கு: 1970களில் நாசாவுக்காக டான் டேவிஸ் வரைந்த உருளை வடிவ விண்வெளி ஊருக்குள் சான் பிரான்சிஸ்கோ மாதிரித் தொங்குபாலம் ஒன்று இருக்கிறது. அவரவர் ஊரை அவரவர் வரைகிறார்கள். நீங்கள் எண்ணூர் முகத்துவாரத்தை வரையுங்கள், சாம்பல் இல்லாமல்.

மொழியும் செலவும் பற்றி: எழுத்து ஆங்கிலத்தில்தான், டீச்சரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓநீல் போட்டியில் ஜெயித்தால் அமெரிக்க மாநாட்டுக்கு அழைப்பு வரும், விமான டிக்கெட் வராது.

அனுப்பிய பிறகு ஒரு நகலை வீட்டில் பத்திரமாக வையுங்கள். பெரிய ஆலையோ மின்நிலையமோ வருவதற்கு முன்னால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்று 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்கிறது. குறைந்தது 30 நாள் முன்னதாக விளம்பரம் வரும். அடுத்த கூட்டத்துக்கு அந்த நகலோடு போங்கள். விண்வெளிக்கு நீங்கள் எழுதிய பதில்களை எண்ணூருக்கு அவர்கள் எழுதியிருக்கிறார்களா என்று மைக்கைப் பிடித்துக் கேளுங்கள், கேள்வியை எழுத்திலும் கொடுத்துவிட்டு வாருங்கள்.