வான்கோழியை ஓவனிலிருந்து காலி செய்விப்பது பற்றி

நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையை அமெரிக்கர்கள் நன்றி தெரிவிக்கும் நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஆபிரகாம் லிங்கன் 1863இல் அதற்கொரு பிரகடனம் வெளியிட்டார். 1941இல் அந்நாட்டு நாடாளுமன்றம் கிழமையைச் சட்டம் போட்டு உறுதி செய்தது. இரண்டு ஆவணங்களையும் எந்தப் பக்கம் திருப்பினாலும், வான்கோழியை ஓவனுக்குள்தான் வைக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. வான்கோழி என்ற பேச்சே கிடையாது. அப்படியிருக்க, ஆறு ஏழு கிலோ எடையுள்ள பறவையொன்று காலை முதல் பிற்பகல் வரை ஓவனை அடைத்துக்கொண்டு கிடப்பதும், வீட்டார் அதை வாய் பேசாமல் சகித்துக்கொள்வதும் எந்த அதிகாரத்தின் பேரில்? வான்கோழி ஓவனின் உரிமையாளரும் அல்ல, பரம்பரைக் குத்தகைதாரரும் அல்ல, வாடகை தராமல் தங்கிவிட்ட குடித்தனக்காரர் மட்டுமே என்று நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம். அறிவு பெறும் வழிகளாக நம் தருக்க நூலார் காண்டல், கருதல், உரை என்று மூன்றைச் சொல்வர். இந்த வழக்கில் மூன்று சாட்சிகளும் ஒரே பக்கம் நிற்கின்றன.

முதலில் காண்டல். பெரும்பாலான அமெரிக்க வீடுகளில் ஓவன் ஒன்றுதான். அன்றைக்கு அதற்குள் போயாக வேண்டியவற்றின் வரிசையோ நீளமானது. பூசணிப் பை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பன், ரொட்டித் துண்டுகளில் செய்யும் ஸ்டஃபிங், போதாக்குறைக்கு 1955இல் கேம்பெல் சூப் நிறுவனத்தின் சமையற்கூடத்தில் டார்கஸ் ரைலி உருவாக்கிய பீன்ஸ் கேசரோல். இவற்றுள் பூசணிப் பைக்கு முதல் கால் மணி நேரம் சுமார் 220 டிகிரி செல்சியஸ், பிறகு 175 டிகிரி வேண்டும். வான்கோழிக்கு 163 டிகிரி என்கிறது அமெரிக்க வேளாண் துறை. அந்தச் சூட்டில் ஆறு கிலோப் பறவை வேக மூன்று மணி முதல் மூன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும். பைக்கு ஏற்றபடி சூட்டைக் கூட்டினால் பறவையின் தோல் கருகும். பறவைக்கு ஏற்றபடி குறைத்தால் பையின் அடிமாவு நசநசத்துப் போகும். 'பையை முதல் நாளே சுட்டு வைத்துக்கொள்ளலாமே' என்பார் உண்டு. குடித்தனக்காரர் ஒருவருக்காக மற்ற எல்லோரும் முதல் நாளே வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதுதான் அந்த யோசனையின் பொருள். நம் குற்றச்சாட்டை இதைவிடத் தெளிவாக நாமே சொல்லியிருக்க முடியாது.

அடுத்தது கருதல். வான்கோழி பார்வைக்கு ஒன்று, சமையலுக்கு இரண்டு. நெஞ்சுக்கறி கொழுப்பில்லாதது, 65 டிகிரியைத் தாண்டத் தாண்ட அதன் சாறு வற்றிக்கொண்டே போகும். தொடைக்கறியோ உழைத்துக் கெட்டிப்பட்ட தசை. அதிலுள்ள இணைப்புத் திசு இளகிக் குழைய 80 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக 74 டிகிரி என்று வேளாண் துறை பாதுகாப்பு எல்லை வகுத்திருக்கிறது. ஓவனில் இருப்பது சூடான காற்று. காற்றைப் போல மந்தமாகச் சூட்டைக் கடத்தும் பொருள் சமையலறையில் வேறில்லை. 175 டிகிரி ஓவனுக்குள் ஒரு நொடி கையை நீட்டி எடுத்துவிடலாம். அதே சூட்டிலுள்ள எண்ணெயில் அதைச் செய்ய எவரும் துணியார். இந்த மந்தமான காற்று தொடையின் எலும்புவரை போய்ச் சேர்வதற்குள் நெஞ்சு பஞ்சாகிவிடுகிறது. முறை எளிது என்று வாதிடுவோர் ஒன்றை விளக்க வேண்டும். 1981இல் பட்டர்பால் நிறுவனம் வான்கோழிக்கென்றே ஒரு தொலைபேசி உதவி எண்ணைத் திறந்து ஆறு மனையியல் வல்லுநர்களை உட்கார வைத்தது. அந்த ஆண்டே 11,000 பேருக்கு மேல் அழைத்தார்கள். முட்டை அவிப்பதற்கு இப்படியோர் எண்ணை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவதான உரை, அதாவது ஆவணச் சான்று, ஓவன் தரப்புக்கு இன்னும் பாதகமானது. வான்கோழி மெக்சிகோவில் பழக்கப்பட்ட பறவை. அங்கே ஈராயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்த பிறகுதான் பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றினார்கள். பிறந்த மண்ணில் அதன் இடம் பானைக்குள். புயேப்லா நகரின் மோலே என்ற மிளகாய்க் குழம்பில் அது இன்றும் வேகிறது. யுகட்டானில் குழி வெட்டி, கல்லைக் காய்ச்சிப் போட்டு, இலையில் பொதிந்து மண்ணுக்குள் புதைத்து வேக வைப்பதுண்டு. சரி, அமெரிக்கப் பண்டிகையின் மூலத்துக்கே போவோம். 1621 பிளிமத் விருந்தைப் பற்றி அங்கே குடியேறியிருந்த எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதத்தில், பறவை வேட்டைக்கு நான்கு பேர் போனதும், வாம்பனோவாக் பூர்வகுடி மக்கள் ஐந்து மான்கள் கொண்டுவந்ததும் இருக்கின்றன. வான்கோழியின் பெயர் இல்லை, ஓவனும் இல்லை. 1796இல் வந்த முதல் அமெரிக்கச் சமையல் நூலில் அமீலியா சிம்மன்ஸ் வான்கோழிக்கு வழி சொல்கிறார். பறவையை நெருப்புக்கு எதிரே தொங்கவிட்டு, அடிக்கடி உப்புநீர் தடவச் சொல்கிறார். இரும்பு அடுப்போடு இணைந்த ஓவன் வீடுதோறும் நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான். ஆக, இந்தக் குடித்தனத்துக்கு வயது இருநூறுகூட இல்லை.

இங்கே கூர்மையான எதிர்வாதி ஒருவர் எழுந்து, 'யுகட்டான் குழியும் ஓர் ஓவன்தானே?' என்று கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது, இலக்கணம் வகுத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். ஓவன் எனப்படுவது கதவுடையது. கதவைத் திறந்து பார்க்கும் ஆசையை வளர்ப்பது. திறக்குந்தோறும் சூட்டை இழப்பது. குழிக்குக் கதவில்லை. மண்ணைத் தோண்டி 'வெந்துவிட்டதா' என்று எட்டிப் பார்ப்பவர் எவருமில்லை. ஆகவே குழி ஓவன் ஆகாது. இதே இலக்கணப்படி, மின்சார ரோஸ்டர் என்னும் பெட்டியும் ஏர் ஃபிரையரும் மாறுவேடத்தில் வந்த ஓவன்களே. அவற்றை இவ்வாய்வு ஏற்காது. மூடி போட்ட கரியடுப்பு எல்லைக்கோட்டில் நிற்பது. சிகாகோவின் வெபர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952இல் கடல் மிதவையின் உலோக அரைக்கோளங்களைக் கொண்டு அதை உருவாக்கினார். கொல்லைப்புறத்தில் நிற்பதாலும், ஓவனின் இடத்தைப் பறிக்காததாலும் அதற்கு விலக்கு அளிக்கலாம். கத்தரிக்கோலால் முதுகெலும்பை வெட்டியெடுத்துப் பறவையைத் தட்டையாக விரித்து, கரியை ஓரமாக ஒதுக்கி மூடிவிட்டால் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். குப்பைத்தொட்டியைக் கவிழ்த்துச் சுற்றிலும் கரி மூட்டும் முகாம் முறையும் உண்டு. தொட்டியில் துத்தநாகப் பூச்சு இருந்தால் சூட்டில் நச்சுப்புகை கிளம்பும் என்பதால் அதை இத்துடன் விடுகிறேன்.

என் வாக்கு எண்ணெய்க்குத்தான். லூசியானாவின் கேஜன் மக்கள் முழு வான்கோழியைக் கொதிக்கும் கடலையெண்ணெயில் இறக்கிப் பொரிக்கிறார்கள். 175 டிகிரி சூடு, கிலோவுக்கு ஏழெட்டு நிமிடம்; ஆறு கிலோப் பறவை முக்கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். எண்ணெய் பறவையின் வயிற்றுக்குள்ளும் புகுவதால் உள்ளும் புறமும் ஒரே வேளையில் வேகும்; தோல் நொறுங்கும், நெஞ்சில் சாறு தங்கும். எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்பதற்கு ஆர்க்கிமிடீசைத் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. பறவையைக் காலிப் பாத்திரத்தில் வைத்து, மூழ்கும் வரை தண்ணீர் ஊற்றி, பறவையை வெளியே எடுத்தபின் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அதுவே எண்ணெயின் மட்டம். மேலே நாலைந்து விரற்கடை காலியாக இருக்க வேண்டும். பிறகு பாத்திரத்தையும் பறவையையும் சொட்டு ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். இது சம்பிரதாயத்துக்குச் சொல்லும் வார்த்தை அல்ல. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். விலாவுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கைப்பிடி பனிக்கட்டி போதும், பாத்திரத்து எண்ணெய் முழுவதும் பொங்கி வழிந்து கீழேயுள்ள நெருப்பைச் சந்திக்க. இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் வீதம் குளிர்ப்பெட்டியில் இளக வேண்டும் என்பதால், வியாழக்கிழமைப் பறவையின் சமையல் உண்மையில் திங்கட்கிழமையே தொடங்கிவிடுகிறது.

எதிர்த்தரப்பின் பலமான ஆயுதமும் இந்தத் தீ அபாயமே. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் எண்ணெயில் வான்கோழி பொரிக்கவே வேண்டாம் என்கிறது. ஸ்டார் டிரெக் கேப்டனாக அண்டவெளியெங்கும் அஞ்சாமல் திரிந்த வில்லியம் ஷாட்னரே 2011இல் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் காணொளியில் தோன்றி, இந்தப் பாத்திரத்தால் தாம் பட்ட பாட்டைச் சொல்லி எச்சரித்தார். சாட்சியத்தைத் தள்ளிவிட முடியாது. அதே சங்கம் இன்னொன்றும் சொல்கிறது. வீட்டுச் சமையல் தீவிபத்துகள் ஆண்டிலேயே மிக அதிகமாக நிகழ்வது அந்த வியாழக்கிழமையில்தான். தலையாய காரணம் அடுப்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் போவது. எண்ணெய்ப் பாத்திரத்தை விட்டு எவரும் நகர முடியாது, பயம் அப்படி. ஓவனில் வைத்தவரோ கதவைச் சாத்திவிட்டுக் கால்பந்தாட்டம் பார்க்கப் போய்விடுகிறார்.

மற்ற ஆட்சேபங்கள் சிறியவை. பொரித்தால் கிரேவிக்குச் சாறு வடியாதே என்பார்கள். கடையில் வாங்கிய பறவையின் வயிற்றுக்குள் கழுத்து, ஈரல், இரைப்பை அடங்கிய பொட்டலம் ஒன்று இருக்கிறது. ஈரலை ஒதுக்கிவிட்டு மற்றதை வெங்காயத்தோடு அடுப்பில் கொதிக்கவிட்டால் கிரேவிக்கு வேண்டிய சாறு தாராளமாகக் கிடைக்கும். பொட்டலத்தை எடுக்க மறந்து காகிதத்தோடு சுட்டவர்கள் ஓவன் முகாமில்தான் மிகுதி. வீடு முழுக்க மணம் பரவாதே என்றால், பை மணக்கட்டும். ஓவன் இப்போது காலியாகத்தானே இருக்கிறது. 1943இல் வெளியான நார்மன் ராக்வெல்லின் புகழ்பெற்ற ஓவியத்தைச் சிலர் காட்டுவார்கள். முழுப் பறவையைத் தட்டில் ஏந்தி மூதாட்டி மேசையில் வைக்கிறார். படத்தின் நான்கு மூலைகளையும் தேடிவிட்டேன், ஓவன் இல்லை. அந்தத் தட்டிலிருப்பது எண்ணெயில் பொரித்தது அல்ல என்று அதை வைத்து யாராலும் நிரூபிக்க முடியாது. 1968 கிறிஸ்துமஸ் அன்று நிலவைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்த அப்பல்லோ 8 கலத்தில் மூன்று வீரர்கள் கிரேவியோடு வான்கோழி சாப்பிட்டார்கள் என்பதையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே ஓவன் வைக்க இடமே கிடையாது.

ஆகவே பறவை ஓவனைக் காலி செய்ய வேண்டும் என்பதே தீர்ப்பு. குழிக்கோ கரிக்கோ போகட்டும். எண்ணெய்க்குத்தான் போவேன் என்றால், வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளிச் சமதரையில் அடுப்பை வையுங்கள். பறவையை இறக்கும்போது நெருப்பை அணைத்துவிடுங்கள். எண்ணெய் பற்றிக்கொண்டால் மட்டும், தயவுசெய்து தண்ணீர் ஊற்றாதீர்கள்.