லிட்டருக்கும் கிலோவுக்கும் நடுவே: அடர்த்தி பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: ஒரு கிலோ பஞ்சு, ஒரு கிலோ இரும்பு, இவற்றில் கனமானது எது? விடை எல்லாருக்கும் தெரிந்திருந்தும் இந்தக் கேள்விக்கு மட்டும் வயதாவதில்லையே, ஏன்?

பதில்: இரண்டும் சமம் என்ற விடையை அறிவு ஏற்றாலும் கை ஏற்பதில்லை என்பதே காரணம். பொருளைத் தூக்கும் கை அதன் எடையை மட்டுமன்றி, அந்த எடை எவ்வளவு இடத்துக்குள் அடங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்தே உணர்கிறது. ஒரு பொருளின் நிறையை, அது அடைத்துக்கொள்ளும் இடமாகிய கன அளவால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. ஒரு கன சென்டிமீட்டர் நீர் ஏறக்குறைய 1 கிராம் இருக்க, அதே அளவு அலுமினியம் 2.7 கிராமும் இரும்பு 7.87 கிராமும் ஈயம் 11.3 கிராமும் தங்கம் 19.3 கிராமும் இருக்கின்றன. காற்றுக்கும் அடர்த்தி உண்டு என்பதால், பத்தடி நீளமும் அகலமும் உயரமும் கொண்ட வெற்று அறையில்கூட முப்பது கிலோவுக்கு மேல் காற்று நிறைந்திருக்கிறது. இந்தக் காற்று தன்னுள் இருக்கும் எல்லாப் பொருளையும் சற்றே மேல்நோக்கித் தாங்குகிறது. பஞ்சின் இழைகள் இரும்பைவிட அதிக இடம் அடைப்பதால் அவற்றுக்குக் கிடைக்கும் தாங்குதலும் அதிகம். ஆகவே தராசின் ஒரு தட்டில் பஞ்சும் மறு தட்டில் இரும்புமாக வைத்து முள் நேராக நிற்கும்போது, உண்மையில் பஞ்சே அரை கிராமுக்குச் சற்று மேல் கூடுதல் நிறை உடையது. கேள்வியைக் கேட்டவர்கள் எதிர்பார்க்காத பக்கத்தில் வெற்றி சாய்கிறது.

கேள்வி: நீரைவிடக் கெட்டியாக வழியும் எண்ணெய் நீரின் மேல் மிதப்பது எப்படி? ஒரு லிட்டர் எண்ணெய் பாக்கெட்டில் ஒரு கிலோ எண்ணெய் இல்லையே, அது ஏமாற்று ஆகாதா?

பதில்: ஒரு திரவம் மெல்ல வழிவது அதன் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நகர மறுக்கும் குணத்தால்; அந்தக் குணத்துக்குப் பாகுத்தன்மை என்று பெயர். அதற்கும் அடர்த்திக்கும் கட்டாயத் தொடர்பு ஏதும் இல்லை. தேனில் இரண்டும் மிகுதி. அதன் அடர்த்தி ஏறக்குறைய 1.4 என்பதால் ஒரு கிலோ தேன் சுமார் 700 மில்லிலிட்டரிலேயே அடங்கிவிடுகிறது. எண்ணெயிலோ பாகுத்தன்மை மிகுதி, அடர்த்தி குறைவு. கடலை, எள், தேங்காய் என எதுவாயினும் சமையல் எண்ணெய்களின் அடர்த்தி 0.91, 0.92 என்ற அளவிலேயே நிற்பதால், ஒரு லிட்டரில் சுமார் 910 கிராம் இருப்பது முறையான அளவே.

ஆனால் ஏமாற்றுக்கு இடம் வேறொரு மூலையில் இருந்தது. சூடாகும்போது எண்ணெய் விரிவதால் அதே ஒரு லிட்டரில் அடங்கும் எடை குறைகிறது. சோயா எண்ணெய் 21 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 919 கிராம் இருக்க, 60 டிகிரியில் 893 கிராமுக்கும் சற்றுக் குறைந்துவிடுகிறது. சில உற்பத்தியாளர்கள் உறையின்மேல் உயர்ந்த வெப்பநிலையைக் குறிப்பிட்டு வந்ததால், எந்தச் சமையலறை அலமாரியிலும் நிலவாத வெப்பத்துக்குரிய ஒரு லிட்டருக்கு மக்கள் பணம் கொடுத்தனர். 2022-ஆம் ஆண்டு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவை அச்சிடவேண்டும் என்றும், அச்சிட்ட கன அளவும் எடையும் சரியாக இருக்கவேண்டும் என்றும் அறிவுறுத்தியது. எண்ணெய் வாங்குவோர் லிட்டரைப் பார்ப்பதோடு நில்லாமல் பக்கத்தில் உள்ள கிராமையும் பார்ப்பது நல்லது. வெப்பத்தால் மாறாத எண் அதுவே.

கேள்வி: எல்லாம் குளிர்ந்தால் சுருங்கும் என்கிறார்கள், உறைபெட்டியில் வைத்த கண்ணாடிப் புட்டி மட்டும் ஏன் வெடிக்கிறது?

பதில்: நீர் 4 டிகிரி வரையில் சுருங்கி, அதன்பின் விரியத் தொடங்கி, உறையும்போது மூலக்கூறுகள் இடைவெளி மிகுந்த ஒழுங்கில் அடுக்கப்படுவதால் 9 விழுக்காடு பெருக்கிறது. பனிக்கட்டியின் அடர்த்தி 0.917 என்பதால் அது நீரில் மிதக்கிறது. நிரம்பிய புட்டிக்குள் பெருக்க இடமில்லாதபோது கண்ணாடியை உடைக்கிறது.

கேள்வி: பாலில் தண்ணீர் கலந்திருப்பதைப் பால்மானி காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? பிறகு ஏன் அத்தனை சோதனைகள்?

பதில்: பால்மானி என்பது அடியில் கனம் வைத்த கண்ணாடி மிதவை, பாலின் அடர்த்தி கூடினால் உயர்ந்தும் குறைந்தால் தாழ்ந்தும் மிதக்கும். அதன் தண்டில் 30 என்று காட்டினால் பாலின் அடர்த்தி 1.030 என்று பொருள். நல்ல பால் பெரும்பாலும் 28-க்கும் 32-க்கும் இடையே காட்ட, தண்ணீர் சேரச் சேர மிதவை தாழ்ந்து எண் குறைகிறது. இந்த அளவில் கருவி நேர்மையானதே. ஆயினும் அது அறிவது அடர்த்தி ஒன்றைத்தான், பாலை அன்று.

பாலில் உள்ள கொழுப்பின் அடர்த்தி 0.93 அளவில் நீரையும்விடக் குறைவு; புரதம், பால்சர்க்கரை, தாது உப்புகள் ஆகியவையோ நீரைவிட அடர்த்தி மிக்கவை. ஆகவே ஆடையை எடுத்துவிட்ட பாலின் அடர்த்தி குறைவதற்கு மாறாக 1.036 வரை உயர்கிறது. ஆடையைத் திருடியதால் உயர்ந்த எண்ணைத் தண்ணீர் ஊற்றிப் பழைய இடத்துக்கே இறக்கிவிட முடியும். இரண்டு திருட்டுகள் ஒன்றையொன்று மறைக்க, மிதவை ஐயமின்றி 30 என்று காட்டும். தண்ணீரால் தாழ்ந்த எண்ணைச் சர்க்கரையோ உப்போ கரைத்து உயர்த்துவதும் இதே வழியில் நிகழும் மற்றொரு கலப்படம். இதனால்தான் கொள்முதல் நிலையங்களில் கொழுப்பின் விழுக்காடு தனியே அளக்கப்பட்டு, அதனுடன் பால்மானியின் எண்ணையும் ஒரு வாய்பாட்டில் சேர்த்து, கொழுப்பு நீங்கலான திடப்பொருளின் அளவு கணக்கிடப்படுகிறது. மாடு வளர்ப்போருக்குக் கிடைக்கும் விலையும் இவ்விரு எண்களைச் சார்ந்தே அமைகிறது. வெறும் பால்மானியைக் காட்டிப் பால் சுத்தமானது என்று சொல்பவரை நம்புவதற்கு அறிவியல் இடம் தரவில்லை.

கேள்வி: விதைநெல் தேர்ந்தெடுக்கக் கோழிமுட்டை எதற்கு?

பதில்: முட்டை இங்கே அளவுகருவியாகப் பணிபுரிகிறது, அதுவும் மிகத் திறமையாக. நெல்லை வெறும் நீரில் போட்டால் முழுப் பதர் மட்டுமே மிதக்க, அரைகுறையாகப் பால்பிடித்த நெல்லும் முற்றிய நெல்லோடு சேர்ந்து மூழ்கிவிடும். இவ்விரண்டையும் பிரிக்க நீரைவிட அடர்த்தி கூடிய ஒரு திரவம் வேண்டும். புதிய முட்டையின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம் என்பதால் அது முதலில் அடியில் கிடக்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டே வந்தால் மேலெழுந்து, பழைய 25 காசு அளவுக்கு அதன் ஓடு வெளியே தெரியும். அப்போது கரைசல் பதமாகிவிட்டது என்று கொண்டு, முட்டையை எடுத்துவிட்டு நெல்லைக் கொட்டி, மிதப்பதை அகற்றி, மூழ்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசி விதைக்கிறார்கள். முட்டை புதியதாக இருக்கவேண்டும். பழைய முட்டையில் காற்றறை பெருத்து அடர்த்தி குறைந்துவிடுவதால், உப்பு போதாத நீரிலேயே அது மிதந்து உழவரைத் தவறாக வழிநடத்தும்.

கேள்வி: லாரியில் கோபுரமாக வந்த மணல், வீடு கட்டி முடிப்பதற்குள் எங்கே கரைந்துபோகிறது?

பதில்: தனி மணிகளின் அடர்த்தி 2.65 ஆக இருந்தும், குவித்த உலர் மணலின் அடர்த்தி ஏறக்குறைய 1.6 மட்டுமே, மீதி இடம் மணிகளுக்கு இடையே உள்ள காற்றுக்குரியது. இவ்வாறு இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிடும் அடர்த்தி குவியல் அடர்த்தி எனப்படும். மணல் சற்று ஈரமாக இருக்கும்போது மணிகளைச் சூழும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை விலக்கி நிறுத்துவதால், 5 விழுக்காடு அளவு ஈரமே குவியலைக் கால்பங்கு வரை உப்பச் செய்கிறது. மணல் நுண்ணியதானால் அதற்கும் மேல். முழுவதும் நனைந்துவிட்டால் படலம் குலைந்து பழைய அளவே திரும்பும். யூனிட் என்பது 100 கன அடி, அதாவது இடத்தின் அளவு என்பதால், ஈர மணலை யூனிட் கணக்கில் வாங்குபவர் ஐந்தில் ஒரு பங்கு வெற்றிடத்துக்குப் பணம் கொடுத்துவிட நேரலாம். கலவையைப் பெட்டியால் அளந்து போடும் கொத்தனாரின் கணக்கும் இதனால் பிசகுகிறது. சோதனை மிக எளிது: ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஈர மணலை அழுத்தாமல் நிரப்பி, நீர் ஊற்றிக் கிளறிப் படியவிட்டால், மட்டம் 16 சென்டிமீட்டருக்கு இறங்கினால் அந்த மணல் 25 விழுக்காடு உப்பியது என்று அறியலாம். வீடு கட்டுவோர் அனைவரும் இதைச் செய்து பார்க்கவேண்டும்.

கேள்வி: நீருக்குள் எடைபோட்டு அடர்த்தியை அறியும் ஆர்க்கிமிடீசின் முறையில் வீட்டிலேயே நகையைச் சோதிக்க முடியுமா?

பதில்: கல்லோ அரக்கோ உள்வெற்றிடமோ இல்லாத கெட்டி நகையானால் முடியும். 22 காரட் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் அதன் அடர்த்தி 17.5-க்கும் 18-க்கும் இடையே அமையும். ஐந்து பவுன், அதாவது 40 கிராம் சங்கிலியை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு எடைபோட்டால் சுமார் 2.25 கிராம் குறைந்து காட்டும். முலாம் பூசிய செம்பானால் குறைவு ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் டங்ஸ்டனின் அடர்த்தி 19.25 என்பதால், அதை உள்ளே வைத்துத் தங்கம் போர்த்திய கட்டியை இந்த முறையால் பிடிக்க இயலாது. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்க தனி அடையாளக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வாசகர்கள் அதைச் சரிபார்த்த பின்பே பணத்தை எண்ணிக் கொடுக்கவேண்டும்.